உங்கள் பெயரில் தப்பில்லை, ஃபார்மில்தான் தப்பு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கு வைரஸைவிட சிவப்பு எழுத்தைப் பார்த்தால்தான் அதிகப் பயம். ஒரு வெப்சைட்டில் ஃபார்மை நிரப்பி சப்மிட் பட்டனை அழுத்துகிறோம். உடனே ஏதோ ஒரு பெட்டிக்குக் கீழே சிவப்பு நிறத்தில் 'இன்வேலிட்' என்று வருகிறது. நாம் என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்று கை நடுங்கிவிடுகிறது.

என் மாமா ரிட்டயர் ஆனதும் ஒரு லேப்டாப் வாங்கினார். முதல் வேலையாகத் தன் மெடிக்கல் இன்ஷூரன்ஸை ஆன்லைனில் எடுக்க உட்கார்ந்தார். இரவு எனக்கு போன். "மாப்ளே, என் பேரே தப்புன்னு சொல்லுதுடா!" என்றார்.

நடந்தது இதுதான். அவருக்கு ஒரே சொல்லில் பெயர், முன்னால் ஒரு இனிஷியல். ஃபார்மில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டிகள். லாஸ்ட் நேமைக் காலியாக விட்டால் நகரவில்லை. இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது 2 எழுத்துகள் வேண்டும்' என்றது. இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் புள்ளி கூடாதாம். தாத்தாவின் பெயரை விரித்து எழுதினால், அடையாள அட்டையில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்றது.

நான் வார இறுதியில் வந்து பார்க்கிறேன் என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. தெருமுனையில் உள்ள ஒரு கடைக்குப் போய்விட்டார். அங்கிருந்த பையன் இரண்டு பெட்டிகளிலும் மாமாவின் பெயரையே போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தான். மாமாவுக்கு மெயில் ஐடி கிடையாது என்று நினைத்துக்கொண்டு தன்னுடைய மெயில் ஐடியையும் போட்டுவிட்டான். அதன் விலை அடுத்த வருடம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பாலிசியில் உள்ள இரட்டைப் பெயரும் கார்டில் உள்ள பெயரும் வேறு என்று கிளெய்மை நிறுத்தி வைத்தார்கள். அக்கவுண்டைத் திறந்து பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அந்தப் பையனின் மெயிலுக்குப் போகிறது. அவனோ கடையை விட்டுப் போய்விட்டான். அலைந்து, கடிதம் எழுதி, பணம் வந்து சேர ஆறு வாரம் ஆனது.

இதில் நான் யாரையும் திட்டத் தகுதி இல்லாதவன். ஏனென்றால் என் முதல் வேலையில் இதே மாதிரி ஒரு ஃபார்மை நானே எழுதியிருக்கிறேன். 'லாஸ்ட் நேம் கட்டாயம்' என்று கொடுத்தார்கள், எழுதினேன். டீமில் பாதிப்பேர் இனிஷியல்காரர்கள். ஆனால் டெஸ்ட் செய்யும்போது எல்லோரும் 'டெஸ்ட் யூசர்' என்று அடித்துப் பார்த்தோமே தவிர, ஒருவர்கூடத் தன் சொந்தப் பெயரைப் போட்டுப் பார்க்கவில்லை! எனக்கே பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் சர்நேம். வெளிநாட்டு கிளையன்ட் கோபமாக மெயில் அனுப்பினால் அப்பாவைத் திட்டுவதுபோலவே இருக்கும்.

பெயர் என்றால் இரண்டு துண்டு என்பது ஐரோப்பிய, அமெரிக்க வழக்கம். அங்கே எழுதிய ஃபார்மைப் பார்த்து நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இது கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்காரர்களுக்கு 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கையில் இருக்கும்போதே தெரியவில்லை என்கிறார்கள்.

தமிழில் டைப் செய்தால் கதை இன்னும் வேடிக்கை. யூனிகோட் முறையில் 'மீ' என்பது ஒரு எழுத்து அல்ல. 'ம' ஒன்று, நெடில் குறி ஒன்று என இரண்டு. 'ம்' என்றாலும் 'ம' ஒன்று, புள்ளி ஒன்று. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து, கம்ப்யூட்டர் எண்ணினால் 16. பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று ஒரு பெட்டி சொன்னால் பாதிப் பெயர்தான் உள்ளே போகும். எஸ்.எம்.எஸ்.ஸிலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜில் 160 எழுத்துகள் அனுப்பலாம், தமிழ் கலந்தால் 70தான்.

இன்னொன்று. பைத்தான் என்ற ப்ரோக்ராமிங் மொழியில், கொடுத்த சொல்லில் எழுத்துகள் மட்டும்தான் உள்ளனவா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதில் 'கமல' என்று கொடுத்தால் ஆமாம் என்கிறது. 'கமலா' என்று கொடுத்தால் இல்லை என்கிறது! துணைக்காலை எழுத்து என்று அது கணக்கில் எடுப்பதில்லை, 'குறி' என்று தனியாக வைத்திருக்கிறது. இது தெரியாத ப்ரோக்ராமர் அந்தக் கட்டளையைப் பெயர்ப் பெட்டிக்கு வைத்துவிட்டால், அந்தப் பெட்டியில் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயரே இல்லை.

இதைச் சரிசெய்வது பெரிய வேலையா? இல்லவே இல்லை. 'முழுப் பெயர்' என்று ஒரே ஒரு பெட்டி வைத்தால் போதும். வெப் பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். விதிமுறையே பெயரைத் துண்டு போடாமல் முழுதாக வாங்குவதுதான் நல்லது என்கிறது. ப்ரோக்ராமர்கள் பெயர்களைப் பற்றி நம்பும் பொய்களை பேட்ரிக் மெக்கன்சி என்ற ப்ரோக்ராமர் 2010லேயே பட்டியல் போட்டு எழுதினார். எங்கள் துறையில் பலரும் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, மறுநாள் ஆபீஸுக்குப் போய் மறுபடியும் இரண்டு பெட்டி வைக்கிறோம்.

ஃபார்ம்கள் திருந்தும்வரை நீங்கள் என்ன செய்வது? எந்த அடையாள அட்டையை அப்லோட் செய்யப் போகிறீர்களோ, அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், பலருடைய ஆதாரிலோ வெறும் இனிஷியல்தான் இருக்கும். எனவே எதில் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் உதவியோடு நிரப்பினாலும் மெயில் ஐடியும் மொபைல் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் வர வேண்டும். பெட்டி ஏற்கவே இல்லை என்றால் அந்த ஸ்கிரீனை அப்படியே படம் எடுத்துக் கஸ்டமர் கேருக்கு அனுப்புங்கள். இப்படிப் பத்துப் பேர் அனுப்பினால் அது என்னைப்போன்ற ஒருவனின் மேஜைக்கு 'பக்' என்று வந்து சேரும். வராதவரை எங்கள் கணக்கில் அந்தப் பிழை இல்லவே இல்லை.

மாமாவின் நோட்டில் இப்போது அவருடைய பெயர் நான்கு விதமாக எழுதியிருக்கிறது. போன வாரம் வேறொரு வெப்சைட்டில் சிவப்பு எழுத்து வந்ததும் எனக்கு போன் செய்தார். இந்த முறை தன் பெயர் தப்பா என்று கேட்கவில்லை.

"மாப்ளே, இதை எழுதினவன் யாருடா?" என்றார்.