கல்லூரிக்கு முன் ஒரு படி



மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதி இல்லங்களில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்?" இடம் கிடைத்த பின் பிள்ளை அங்கே ஈடுகொடுத்துப் படிக்குமா என்று எண்ணுவோர் சிலரே. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஈராண்டு தனிப்பயிற்சி அளிக்கும் குடும்பங்கள்கூட, பொருளியலோ சமூகவியலோ பயில விரும்பும் பிள்ளையிடம், "அதற்கென்ன ஆயத்தம்? கதைபோல் படித்து எழுதிவிடலாம்" என்று கூறிவிடுகின்றன. முதலாண்டிலேயே பலர் தடுமாறுவதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணமாகும்.

நம்முள் மூத்தோர்க்குப் புகுமுக வகுப்பு நினைவிருக்கும். அந்நாளில் பதினோராம் வகுப்பில் பள்ளியிறுதித் தேர்வு எழுதியோர், கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்று தேறிய பின்னரே மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தனர். தமிழ்வழியில் கற்றுவந்த மாணவர் ஆங்கில விரிவுரை கேட்டுத் திகைத்ததும், பின்னர் குறிப்பெடுக்கப் பழகியதும், நூலகத்தில் நூல் தேடக் கற்றதும் அந்த ஓராண்டில்தான். 1978-இல் மேனிலைக் கல்வி வந்தது. 1980-இல் அதன் முதல் பொதுத்தேர்வு நடைபெற்றது. மொத்தப் படிப்பாண்டுகள் குறையவில்லை. ஆயினும் கல்லூரிக்குப் பழகுவதற்கென இருந்த ஆண்டு பள்ளிக்குள் சென்று, பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்கான ஆண்டாக மாறிவிட்டது.

ஆயத்த ஆண்டின் அருமையைத் திருச்சபை நன்கறியும். பூவிருந்தவல்லியில் 1936-இல் தொடங்கப்பெற்ற திரு இருதயக் குருமடத்தை நாம் அனைவரும் அறிவோம். குருமாணவர்க்கு மெய்யியல் கல்விக்கு முன் ஓராண்டுக்குக் குறையாததும் ஈராண்டுக்கு மேற்படாததுமான ஆயத்தக் காலம் வேண்டும் என்று 2016-இல் உரோமை வகுத்த குருத்துவப் பயிற்சி நெறி கூறுகின்றது. பிரிட்டனிலும் பல பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்புக்கு முன் அடித்தள ஆண்டு ஒன்றை நடத்துகின்றன. நம் பிள்ளைகளுக்கோ அந்த ஆண்டை இல்லத்தில்தான் அமைத்துத் தரவேண்டும். பதினோராம் வகுப்பு முடியும் கோடையில் தொடங்கிக் கல்லூரி திறக்கும் நாள்வரை, வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கினாலே போதும்.

அதில் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, வாசித்துச் சுருக்குதல். நாளிதழின் தலையங்கம் ஒன்றை வாசித்து, ஆசிரியர் சொல்வது என்ன, அதற்கு அவர் காட்டும் காரணம் என்ன என்று ஐந்து வரிகளில் எழுதச் செய்யுங்கள். பள்ளியில் விடையை ஒப்பித்தால் மதிப்பெண் வரும். கல்லூரியில் காரணத்தை ஆராயவேண்டும்.

இரண்டாவது, கலைச்சொல் ஏடு. தமிழ்வழி மாணவருக்குப் பொருள் புரிந்திருக்கும். ஆங்கிலச் சொல்தான் தடையாக நிற்கும். மேனிலை வகுப்பின் பொருளியல், வரலாற்றுப் பாடநூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நாளொன்றுக்குப் பத்துச் சொற்களைக் குறித்துவந்தால் தடை சிறிது சிறிதாக விலகும்.

மூன்றாவது, எண்களோடு உறவு. "கணக்கு வராது, ஆகவே கலைப்பாடம்" என்று வருவோர் பொருளியலில் புள்ளியியலைக் கண்டு அஞ்சுகின்றனர். பத்தாயிரம் ரூபாய் ஊதியம் 20 விழுக்காடு உயர்ந்து, பின் 20 விழுக்காடு குறைந்தால் மீண்டும் பத்தாயிரம் ஆகுமா? ஆகாது, 9,600 ரூபாய்தான். இத்தகைய கணக்குகளைச் சமையலறை மேசையிலேயே பழகலாம்.

நான்காவது, சுற்றுப்புறத்தை உற்றுநோக்குதல். சமூக அறிவியலுக்கு நம் பகுதியே ஆய்வுக்கூடம். 1955-இல் சோசலிசப் பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறிய காங்கிரஸ் மாநாடு கூடியது ஆவடியில்தான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் உருவாயிற்று. ஆலையில் நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் பெறுகின்றனரா? வடமாநில இளைஞர் இவ்வளவு தொலைவு வந்து உழைப்பது ஏன்? தெருவில் இருபது வீடுகளில், அவர்கள் இசைவுடன், கோடையில் தண்ணீருக்கு என்ன செலவாகின்றது என்று கேட்டு, பெயர் குறிக்காமல் அட்டவணை போடட்டும். வகுப்பில் ஆய்வுமுறை என்று பின்னர் கற்பிப்பது இதைத்தான்.

"இதைப் படித்தால் வேலை உண்டா?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை. ஐந்நூறு பேருக்குக் குறையாது பணிபுரியும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆலைகள் சூழ வாழும் நமக்கு அப்பணியின் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியப்பணி, அரசுத் தேர்வுகள், சமூகப்பணி, இதழியல், புள்ளிவிவர ஆய்வு ஆகியவற்றுக்கும் இப்படிப்புகளிலிருந்து வழி உண்டு. ஆனால் தெளிவாக எழுதவும் எண்களைக் கையாளவும் வல்லவருக்கே அவ்வழி அகலமாகும்.

பள்ளியை இடையில் விட்டு வேலைக்குச் சென்றோருக்கு ஒரு சொல். மேனிலைத் தேர்வு எழுதாதோர் பட்டப்படிப்பில் நுழைவதற்கென இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்திவந்த ஆயத்தப் பயிற்சியில், சமூக அறிவியலுக்கென்றே ஒரு பாடம் இருந்தது. அறிவு பெற அது நல்ல வழி. ஆயினும் பத்தாம் வகுப்பு, மேனிலை, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் கற்றால்தான் அப்பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று தமிழக அரசு 2009-இல் ஆணையிட்டது. இதை அறியாது கட்டணம் கட்டி, ஆண்டுகள் பல கழிந்தபின் கலங்குவானேன்? தனித்தேர்வராக மேனிலைத் தேர்வை முதலில் எழுதிவிடுவதே பாதுகாப்பான வழியாகும்.

பெற்றோரே, நீங்கள் கல்லூரி வாயிலை மிதிக்காதவர்களாக இருக்கலாம். அதனால் குறையொன்றுமில்லை. பிள்ளை எழுதிய ஐந்து வரிகளை வாரம் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத இடத்தில் "ஏன்?" என்று வினவுங்கள். உங்களுக்குப் புரியும்படி விளக்கத் தெரிந்த பிள்ளை, எந்த விரிவுரைக் கூடத்திலும் துணிந்து அமரும்.