விமானம் ஏறுமுன் விசாவைப் பாருங்கள்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில், "மகன் சவூதியில் இருக்கிறான்", "மருமகன் துபாயில் இருக்கிறார்" என்ற பேச்சு இன்று சாதாரணம். வெளிநாட்டுப் பணத்தால் கூரை வீடு மாடி வீடானதும் உண்டு. இருந்த நிலமும் கைவிட்டுப் போனதும் உண்டு.

இதற்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணம் அல்ல. போகும் வழியும் காரணம்.

வட்டிக் கணக்கு

திண்டிவனம் பக்கத்தில் ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஓர் ஏஜெண்டு வருகிறார். "ஒன்றரை லட்சம் கொடு. பத்து நாளில் விமானம்" என்கிறார்.

குடும்பம் 3 வட்டிக்குக் கடன் வாங்குகிறது. மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். மகன் மாதம் 10,000 ரூபாய் அனுப்பினாலும், கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும்.

ஆனால், பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய்தான். 18 சதவீத வரியையும் சேர்த்தால் 35,400 ரூபாய். இதையே 3 வட்டிக்கு வாங்கினாலும் மாத வட்டி 1,062 ரூபாய்தான்.

விசாவில் சூது

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், பொதுவாக மத்திய அரசாங்கத்தின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இது 1983-ம் ஆண்டுச் சட்டம்.

இது வீண் தொல்லை அல்ல, காவல். வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். இன்சூரன்சும் கட்டாயம். 2 ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

சுற்றுலா போகிறவருக்கு இந்த அனுமதி தேவை இல்லை. மோசடிக்காரர்கள் நுழையும் சந்து இதுதான். சுற்றுலா விசாவில் ஏற்றி விடுகிறார்கள். போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. அந்த விசாவில் வேலை செய்வதே அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

"விபத்து நமக்கா வரப்போகிறது?" என்று எண்ணக்கூடாது. 2024-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி விடியற்காலையில், குவைத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடம் தீப்பிடித்தது. 45 இந்தியர்களின் உடல்கள் விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். விழுப்புரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் அதில் இருந்தார்.

செய்ய வேண்டியது என்ன?

* ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது உண்மையா என்று மத்திய அரசாங்கத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். படித்த பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

* கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

* விசா வேலை விசாதானா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் உள்ள சம்பளத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

* பாஸ்போர்ட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் வையுங்கள்.

* தங்கும் இடத்துக்குப் போன முதல் நாளே, தீப்பிடித்தால் வெளியேறும் வழியைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

1978-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டு அரசாங்கத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

ஏஜெண்டு அவசரப்படுத்துவார். அவசரப்பட வேண்டாம். விசாரித்துப் போவதால் சில நாட்கள்தான் தாமதம் ஆகும். விசாரிக்காமல் போனால், பட்ட கடனை அடைக்கவே பல வருஷம் ஆகும்.