எந்த வைத்தியம்?

‘வாய்ப் புற்றுநோய்க்கு வைத்தியம் பாருங்கள், நோயாளிகளைச் சோதனை எலிகளாக்காதீர்கள்’ என்கிறார், நோயாளிகளை வைத்து நடக்கும் ஆய்வுகளைக் கண்டித்து எழுதிய ஒரு கட்டுரையாளர். கேட்கக் கருணையாகத்தான் இருக்கிறது. எந்த வைத்தியம் என்றுதான் அவர் சொல்லவில்லை.

நாக்கின் ஓரத்தில் ஆரம்பக் கட்டப் புற்று. கழுத்தைத் தடவிப் பார்த்தால் நெறி எதுவும் கட்டவில்லை. நாக்கில் உள்ளதை வெட்டும்போதே கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவதா, நெறி கட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதா? எடுக்கும்போது தோளுக்குப் போகும் நரம்பு அடிபட்டால் கையைத் தூக்கித் தலை வாருவதே சிரமம். விட்டால், கைக்குத் தட்டுப்படாத நோய் அங்கே ஏற்கெனவே இருக்கலாம். பல பத்தாண்டுகளாக அறுவை மருத்துவர்கள் அவரவர் குருநாதர் வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். (அதற்குப் பெயர் அனுபவம்.)

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2004-இல் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு அணியாகப் பிரித்து இதை ஆராயத் தொடங்கியது. முதல் 500 பேரின் கணக்கு 2015-இல் வெளியானது. முன்கூட்டியே எடுத்தவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5. வித்தியாசம் தெரிந்ததும், கண்காணிப்புக் குழு சொல்லி ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

காத்திருந்த அணிக்கு அநியாயம் இல்லையா? நியாயமான கேள்விதான். ஆனால் ஆய்வுக்கு வெளியேயும் காத்திருக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அவர்களில் யார் பிழைத்தார், யார் போனார் என்று முறையாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. புரியாத படிவத்தில் கைநாட்டு வாங்கும் ஆய்வு எங்கே நடந்தாலும் கண்டிக்கட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆய்வே கூடாதென்றால், அடுத்த நோயாளியின் கழுத்தில் கத்தி வைப்பதா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்றும் அவரே எழுதட்டும்.