பின்னச்சு எங்கே போகிறது?

நான் பி.காம். காருக்கு நாலு சக்கரம் என்பதைத் தாண்டி என் வாகன ஞானம் வளர்ந்ததில்லை. என் மச்சினன் பி.ஈ. மெக்கானிக்கல். கோயமுத்தூரில் ஒரு பழைய அம்பாஸடரை வாங்கிப் பிரித்து, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறான். (ரோட்டில் ஓட்ட முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் சொல்லியாயிற்று.) முதலீட்டில் முப்பதாயிரம் என்னுடையது. இது என் மனைவிக்குத் தெரியாது.

பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் வெள்ளோட்டம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தான். நேராகப் போனவரை சொர்க்கம். ஸ்டியரிங்கை ஒடித்தான் பாருங்கள், முன்பக்கம் உடனே திரும்பியது. பின்பக்கம் சற்று யோசித்துவிட்டு வந்தது. 'கர்ர்ர்' என்று டயர் மட்கார்டில் தேய்ந்து ரப்பர் வாசனை.

"மாமா, பயந்துட்டீங்களா?"

"நான் இல்லே மாப்ளே. முப்பதாயிரம் பயந்துடுச்சு."

லேத் பட்டறை மேஸ்திரி கீழே குனிந்து பார்த்தார். "பட்டை ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு காயில் போட்டிருக்கீங்க. சரி தம்பி, பட்டை பாத்த மத்த வேலையெல்லாம் யாருக்குக் குடுத்தீங்க?"

எனக்கு உடனே புரிந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் ஒரு ஹெட் கிளார்க் ரிட்டயர் ஆனபிறகுதான், அவர் மூன்று பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பட்டையும் அப்படித்தான். கனத்தைத் தாங்கும், அச்சை முன்னே பின்னே போகாமல் பிடிக்கும், பக்கவாட்டிலும் பிடிக்கும். காயில் கனத்தை மட்டும் தாங்கும். முன்பின் வேலைக்கு மச்சினன் நாலு கை வைத்திருந்தான். பக்கவாட்டுக்கு? "ரப்பர் புஷ்ஷே பிடிச்சுக்கும்னு நெனச்சேன்..."

மருந்து பேனார்ட் ராடு. (மேஸ்திரி வாயில் 'பன்னாட்டு ராடு'.) குறுக்கே ஒரு கம்பி, ஒரு முனை அச்சில், மறுமுனை பாடியில். ஒரே ஒரு வில்லங்கம். அச்சு ஏறி இறங்கும்போது கம்பியின் முனை கதவு மாதிரி வளைவாகப் போகும். அதனால் அச்சு கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். எவ்வளவு? ஏற்றத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் போதும். இது வட்டிக் கணக்கை விடச் சுலபம்! ஏற்றம் 75 மில்லிமீட்டர், கம்பி 45 சென்டிமீட்டர் என்றால் நகர்வு 6 மில்லிமீட்டர் சொச்சம். 90 சென்டிமீட்டர் என்றால் 3 சொச்சம். ஆனால் கார் சும்மா நிற்கும்போது கம்பி மட்டமாக இருக்கவேண்டும். அப்போதே அந்த 90 சென்டிமீட்டர் கம்பி 75 மில்லிமீட்டர் சாய்ந்திருந்து, அதே பக்கம் இன்னொரு 75 போனால், நகர்வு 9-ஐத் தாண்டிவிடும்.

மச்சினனுக்கு வாட் லிங்கேஜ் மேல்தான் கண். ஜேம்ஸ் வாட் 1784-ல் நீராவி எஞ்சினுக்காகக் காப்புரிமை வாங்கியது. இரண்டு கம்பி, நடுவில் ஊசலாடும் ஒரு துண்டு. அச்சு கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறி இறங்கும். தன் கண்டுபிடிப்புகளிலேயே அதில்தான் வாட்டுக்குப் பெருமை அதிகமாம். இருக்கட்டும். அதற்கு அஞ்சு மூட்டு, பேனார்டுக்கு ரெண்டு. "ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் ஆடுனாக்கூட எல்லாம் கூடிப் போகுங்க" என்றார் மேஸ்திரி. 90 சென்டிமீட்டர் பேனார்ட் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன்.

நேற்று மச்சினன் போன் பண்ணியபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். எடுத்தது அவன் அக்கா.

"அக்கா, மாமா சொன்ன நீளத்துக்கு ராடு போட்டா சைலன்ஸர் இடிக்குது. பைப்பை மாத்தணும். இன்னும் நாலாயிரத்தைந்நூறு ஆகும்னு சொல்லிடு."

துண்டோடு வெளியே வந்தேன்.

"ஏங்க, 'இன்னும்'னா என்ன அர்த்தம்?"