பழைய அம்பாசிடருக்குப் புது என்ஜின்?

பழைய மதர்போர்டில் புது ப்ராசஸரைப் போட முடியுமா? சாக்கெட் சேராது. சேர்ந்தாலும் எஸ்எம்பிஎஸ் தாங்காது. கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே இது நமக்குப் புரிந்துவிடுகிறது. கார் என்றால் மட்டும் மறந்துவிடுகிறோம்.

என் நண்பரிடம் 1972 மாடல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. தினமும் ஆபீசுக்கு அதில் போக ஆசை. "இன்றைய பெட்ரோல் என்ஜின் ஒன்றை இறக்கிவிட்டால் போதும்" என்கிறார். போதாது என்பதே என் கருத்து.

அந்த வண்டியின் என்ஜின் 1489 சிசி. கியர் நான்குதான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஊருக்குள் இது தாராளம். ஹைவேயில் ஐந்தாவது கியர் இல்லாததால் என்ஜின் கத்திக்கொண்டே ஓடும், பெட்ரோலையும் குடிக்கும். ஆக, முக்கியக் குறை கியர்பாக்ஸில். 1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இசுசுவின் 1817 சிசி என்ஜினை அம்பாசிடரில் வைத்தபோது ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. மாற்றுவதென்றால் அந்த ஜோடியைத்தான் தேடுவேன். அதற்கும் முன்னால் பிரேக்!

இன்றைய என்ஜினில் இன்னொரு தலைவலி. அதை நடத்துவது இசியு என்ற குட்டிக் கம்ப்யூட்டர். சென்சார்கள், வயரிங், அதிக அழுத்தம் தரும் பெட்ரோல் பம்ப், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் எல்லாம் கூடவே வர வேண்டும். டிரைவர் சிடி இல்லாமல் பிரின்டர் வாங்கிய கதைதான்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி என்ஜினை மாற்ற ஆர்டிஓவின் அனுமதி வேண்டும். கம்பெனி தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. 50 வயது தாண்டிய வண்டியை 2021-ல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் வண்டி பழையபடியே இருக்க வேண்டும், தினமும் ஓட்டக் கூடாது. நண்பரின் ஆசைக்கு அந்த வழி உதவாது.

எனவே என்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்டிஓ ஆபீசில் கேளுங்கள். முடியாது என்றால் வருத்தம் வேண்டாம். இருக்கிற என்ஜினையே பிரித்து, போர் செய்து, ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணுங்கள். பிளாட்டினம் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ஆர்சி புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறாது.