மாலையும் ஓலையும்

செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர்க்கு மாலை, மேடைதோறும் மாண்புரை! 1962 முதல் வந்த வழக்கம், வாழட்டும்! ஆனால், 2003 ஜூலையில் நடந்ததென்ன? பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திருப்பிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஆசிரியரும் அரசு ஊழியருமாக 1,50,000-க்கும் மேற்பட்டோரை, அவசரச் சட்டம் ஏந்தி, வேலையினின்று வீசியெறிந்தது அன்றைய ஜெயலலிதா அரசு!

ஓலையிலே ஒப்பமிட்ட அதிகாரியே! அந்த விரல் பற்றி 'அ' எழுதவைத்தவர் எவர்? குக்கிராமத்தில், ஒரே அறையில், ஐந்து வகுப்புக்கும் ஒருவராய் நின்று தொண்டை வறண்டவர் கேட்டது அரியாசனமா? அந்திக் காலத்துக்கு அரைவயிற்றுக் கஞ்சி! வாக்குச் சாவடிக்கு அவர் வேண்டும். குடிக்கணக்கெடுக்க அவர் வேண்டும். கஞ்சி கேட்டால் மட்டும் கலகக்காரரோ?

ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, பெரும்பாலோர் மீண்டனர். எப்படி? நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் தந்து! எழுதக் கற்பித்தவரிடமே எழுதி வாங்கினார்கள், ஐயா! அடுத்த மாதமே செப்டம்பர் 5.