சிரிக்க ஒரு கொள்ளைப் பேச்சு

செப்டம்பர் 19 வந்தால் அமெரிக்காவில் சாதுவான குமாஸ்தாக்கள்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு ‘ஆர்ர்ர்’ என்று உறுமுகிறார்கள். அன்று கடற்கொள்ளையரைப் போலப் பேசும் தினம். 1995ல் ஓரிகன் மாநில நண்பர்கள் ஜான் பௌர், மார்க் சம்மர்ஸ் இருவரும் விளையாட்டாக ஆரம்பித்தது. தேதி, சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாள். எப்படியும் மறக்காதே! 2002ல் நகைச்சுவை எழுத்தாளர் டேவ் பாரி தன் பத்தியில் எழுத, ஊரெல்லாம் பரவிவிட்டது.

கற்றுக்கொள்வது சுலபம். வணக்கத்துக்கு ‘அஹோய்’. நண்பன் என்றால் ‘மேட்டி’. லண்டன்காரர்கள் விழுங்கிவிடும் ‘ர்’ரை மட்டும் நன்றாக அழுத்த வேண்டும்.

நிஜக் கொள்ளையர்கள் இப்படித்தான் பேசினார்களா? இது ஒரு நடிகரின் உபயம். 1950ல் வந்த டிஸ்னியின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ படத்தில் கொள்ளையனாக நடித்த ராபர்ட் நியூட்டன், தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட்டில் பிறந்தவர். அந்த வட்டாரப் பேச்சையே பாத்திரத்துக்கும் கொடுத்தார். அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் பிரபலக் கொள்ளையரான கேப்டன் கிட் ஸ்காட்லாந்துக்காரர். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் வேல்ஸ்காரர்.

அந்தப் பேச்சு பொருந்தக்கூடியவர் ஹென்றி எவரி. தென்மேற்கின் டெவன் பகுதிக்காரர் என்று கருதப்படுபவர். 1695 செப்டம்பரில், மெக்கா சென்ற யாத்ரீகர்களுடன் சூரத் திரும்பிய ஔரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலை மடக்கியவர். அவரது ஆட்கள் பயணிகளைச் சித்திரவதை செய்தனர், பெண்களைச் சீரழித்தனர், பொன்னையும் வெள்ளியையும் அள்ளிச் சென்றனர். எவரி கடைசிவரை பிடிபடவே இல்லை.

சரியாக 300 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் விளையாட்டு ஆரம்பமானது. விளையாட்டில் தப்பில்லை. ஆனால் சூரத் கப்பலில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை.